மூன்றாவது ஜன்னலில் ஒரு கைக்குட்டை

பாறைக்குளத்தில் ஏழு நாற்பது பஸ்ஸுக்குக் காத்திருக்கும் எல்லாருக்கும் ஒரு சட்டம் தெரியும். ஜன்னல் வழியாக ஒரு துணி உள்ளே போய் இருக்கையில் விழுந்துவிட்டால் அந்த இருக்கை துணிக்குரியவருடையது. பிறகு கர்ப்பிணியோ கலெக்டரோ யார் ஏறி வந்தாலும் அதைத் தொடமாட்டார்கள், "ஆள் இருக்கு" என்று துணிக்குப் பக்கத்திலிருப்பவர் சொல்ல, வந்தவர் நின்றுகொள்வார். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை, எழுதிவைத்த சட்டங்களில் எதையும் எங்கள் ஊர் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததும் இல்லை. எனக்குக் கடவுள் கொடுத்த திறமைகளில் கணக்கில் வருவது ஒன்றுதான், ஓடுகிற பஸ்ஸோடு நாலு எட்டு ஓடி மூன்றாவது ஜன்னலுக்குள் குறி தவறாமல் எறிவேன். முதலில் என் மனைவி செண்பகவல்லியின் கறுப்புத் தோள்பை, அடுத்து மகள் நித்திலாவின் டிபன் பை, கடைசியாக என் கைக்குட்டை. அவள் தாலுகா ஆபீஸில் சான்றிதழ் பிரிவு, மகள் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, நான் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் உதவி ஆசிரியர். உதவி ஆசிரியர் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். அணைகளின் நீர்மட்டம், நாளைய மின்தடை, இன்றைய நிகழ்ச்சிகள் ஆகிய மூன்றையும் இருபத்துநான்கு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் என்னைப் பேப்பர்க்காரர் என்பார்கள், வீடு வீடாகப் போடுகிறவன் என்று பாதிப்பேர் நினைத்திருந்தார்கள், நானும் திருத்தவில்லை. திருத்தம் போடுவது எங்கள் பத்திரிகையில் வழக்கமில்லை.

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருந்தார். நிறுத்தத்தில் வண்டியை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை. நான் வழக்கம்போல ஓடி, பை, டிபன் பை, கைக்குட்டை என்று மூன்றையும் எறிந்தேன். மூன்றும் பக்கம் பக்கமாகப் போய் உட்கார்ந்தன. பஸ் போய்விட்டது.

"எறிஞ்சீங்களே, ஏறினீங்களா?" என்றாள் செண்பகம்.

அடுத்த பஸ் ஒன்பதே காலுக்கு. மூன்று பேரும் வீட்டுக்குத் திரும்பி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அன்றைக்கு வாங்கப்போகும் திட்டை நினைத்துக்கொண்டிருந்தோம். திட்டு வரவில்லை. மாலையில் திரும்பி வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் ஐயப்பராஜ் மூன்றையும் இறக்கிக் கொடுத்தார்.

"உங்க ஆளுங்க எல்லாம் இறங்க வேண்டிய இடத்துல இறங்கி, திரும்ப வேண்டிய நேரத்துல ஏறிட்டாங்கண்ணாச்சி. கைக்குட்டைதான் கூட்டத்துல கொஞ்சம் கசங்கிருச்சு."

டிபன் பையில் டப்பா காலியாக இருந்தது, அதோடு வைத்திருந்த மகளின் கணக்கு நோட்டில் வீட்டுப்பாடம் குறித்திருந்தது. தோள்பைக்குள் அன்று கொடுத்த வருமானச் சான்றிதழ்களின் பட்டியல் இருந்தது. கைக்குட்டையில் மையும் அலுவலகக் காபியின் வாசனையும் இருந்தன. மறுநாள் பத்திரிகையில் அணை நீர்மட்டம், மின்தடை, நிகழ்ச்சிகள் மூன்றும் ஒழுங்காக வந்திருந்தன. துணி எப்படி இறங்கி, எப்படி நடந்து, எந்த விரலால் தட்டியது என்று நான் கேட்கவில்லை. எந்தச் செய்தியிலும் 'எப்படி' என்ற கேள்வியை நான் கேட்டதில்லை என்பதற்கு இருபத்துநான்கு வருடத்துப் பத்திரிகைகள் சாட்சி.

புதன்கிழமை தெரிந்தே எறிந்தேன். வியாழக்கிழமை எதிர்வீட்டு ஆசிரியை தன் புடவை முந்தானைத் துண்டை என் கையில் கொடுத்து, "உங்களுக்குத்தான் கை வாக்கு நல்லாருக்கு, இதையும் சேத்து எறிஞ்சிருங்கண்ணே" என்றாள். அடுத்த வாரம் முடிவதற்குள் ஏழு நாற்பது பஸ் ஐம்பத்தாறு துணிகளோடும் ஒரு டிரைவர் ஒரு கண்டக்டரோடும் போக ஆரம்பித்தது. படிக்கட்டில் தொங்கல் இல்லை, கால் மிதித்த சண்டை இல்லை. ஜன்னலைத் திற என்பவரும் மூடு என்பவரும் ஒரே நேரத்தில் ஒழிந்துபோனார்கள். ஐயப்பராஜ் பத்து வருடத்தில் முதல்முறையாகப் பாட்டு ஒன்றைக் கடைசிவரை கேட்டதாகச் சொன்னார். ஊரில் ஜவுளிக்கடையில் கைக்குட்டை தீர்ந்துபோய் தலையணை உறையை வெட்டி விற்றார்கள். தீப்பெட்டிக் கம்பெனி சங்கரபாண்டி அவசரத்தில் கட்டியிருந்த எட்டு முழ வேட்டியையே உருவி எறிந்துவிட்டு, டீக்கடைப் பெஞ்சுக்குப் பின்னால் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். வேட்டி நீளம் என்பதால் இரண்டு இருக்கையில் உட்கார்ந்து இரண்டு ஆள் வேலை பார்த்ததாம், மறுநாளிலிருந்து கம்பெனியில் அவரிடம் வேட்டியைத்தான் எதிர்பார்த்தார்கள்.

இதை அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. எப்படி அனுப்புவது என்பதில்தான் பேச்சு இருந்தது. இஸ்திரி போட்டு அனுப்பினார்கள், பவுடர் தூவி அனுப்பினார்கள், பிள்ளைகளின் பைக்குத் தாய்மார் கன்னத்தில் வைக்கிற மாதிரி ஓரத்தில் மைப்பொட்டு வைத்தார்கள். மழை நாளில் ஈரத்துணி எறிந்தால் பக்கத்துத் துணிக்குச் சளி பிடிக்கும் என்று ஒரு தகராறு வந்து, பேரூராட்சி அலுவலகம் காய்ந்த துணிகளை மட்டுமே அனுப்பவேண்டும் என்று பலகை வைத்தது. பலகையை வைத்தது யார் என்று விசாரித்தபோது செயல் அலுவலரின் துண்டு என்றார்கள். ஒருமுறை வங்கி எழுத்தரின் துண்டும் தமிழாசிரியரின் துண்டும் மாறிப்போய் நாலு நாள் வங்கியில் திருக்குறள் ஒப்புவிக்கச் சொன்னதாகக் கேள்வி. பள்ளியிலிருந்தும் புகார் வரவில்லை, வங்கியிலிருந்தும் புகார் வரவில்லை.

நானும் பத்திரிகைக்காரன் என்ற நினைப்பில் இவ்வளவையும் எழுபது வரியில் ஒரு கட்டுரையாக எழுதி, மடித்து, கைக்குட்டைக்குள் வைத்து அனுப்பினேன். மறுநாள் அது இன்றைய நிகழ்ச்சிகள் பகுதியில், கோயில் கொடையும் கண் சிகிச்சை முகாமும் வந்ததற்குக் கீழே இப்படி வந்திருந்தது: 'பாறைக்குளம்: பஸ் போக்குவரத்து, காலை 7.40.' நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

வீட்டில் மூவரும் முதல் வாரம் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சந்தோஷமாக இருந்தோம். இரண்டாவது வாரம் நான் சமையலறையில் புளி டப்பாவையும் மிளகாய்ப்பொடி டப்பாவையும் அகர வரிசைப்படி அடுக்கினேன். மூன்றாவது வாரம் நித்திலா மாதத் தேர்வுத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தொண்ணூற்றொன்று வாங்கியிருந்தது.

"பை வாங்கிருக்குப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல. பித்தகோரஸ்னா யாருன்னு பையிட்டதான் கேக்கணும்" என்றாள், அழுகிற மாதிரி.

மறுநாள் அவள் பையை எறியவிடாமல் தோளில் மாட்டிக்கொண்டு, துணிகளுக்கு நடுவே நின்றபடியே பள்ளிக்குப் போனாள். போய்ப் பிரயோஜனமில்லை. வகுப்பில் அவள் பையைக் கழற்றியதும் பை தானாகப் போய் அவள் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. அவள் உட்காரப்போனபோது டீச்சர், "அங்க ஆள் இருக்கும்மா" என்றிருக்கிறார். எங்கள் சட்டம் டவுனுக்குள்ளும் செல்லும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் பாடவேளை முழுக்கச் சுவரோரம் நின்றிருக்கிறாள். இரண்டாவது பாடவேளையில் அவளுடைய பெஞ்சுத் தோழி ரஹ்மத் நிஷா எழுந்து, "டீச்சர், இவதான் டீச்சர் அந்த ஆள். என் ரப்பரக் கடிச்சுத் துப்புனவ. பை ஒருநாளும் என் ரப்பரத் தொட்டதில்ல" என்று சொல்ல, பை நகர்ந்து கீழே இறங்கிக்கொண்டதாம். ஆள் வந்துவிட்டால் துணி விலகவேண்டும், ஆனால் வந்தது அந்த ஆள்தான் என்று பக்கத்திலிருப்பவர் சொல்லவேண்டும். இதுவும் சட்டத்தில் முன்பே இருந்ததுதான், நாங்கள்தான் மறந்திருந்தோம்.

அடுத்து செண்பகம் கிளம்பினாள்.

"உனக்கு என்ன அவசரம்? பைதான் நல்லா வேலை பாக்குதே" என்றேன்.

"எட்டு மணி நேரம் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கிறதுக்கு இருபத்தாறு கிலோமீட்டர் நின்னுக்கிட்டே போலாங்க."

அவளுக்குச் சாட்சி தேடும் வேலையே இருக்கவில்லை. சான்றிதழ் ஜன்னலுக்கு முன்னால் நின்ற நாற்பது பேரும், "அந்தம்மாதான்! ஜெராக்ஸ் இல்லாம வந்ததுக்கு என்னைய நாய் மாதிரி விரட்டுனது இந்தம்மாதான்!" என்று ஒரே குரலில் கூவ, தோள்பை நாற்காலியிலிருந்து குதித்தே இறங்கிவிட்டது.

அன்று ராச்சாப்பாட்டில் நித்திலா அப்பளத்தை உடைத்துக்கொண்டே கேட்டாள், "உங்களுக்கு அங்க யாருப்பா சொல்லுவாங்க?"

"எனக்கா? இருபத்துநாலு வருஷம்மா. ஆபீஸே எந்திரிச்சுச் சொல்லும்."

செண்பகம் நான் கேட்காமலே எனக்கு ரசம் ஊற்றினாள். அவள் கேட்காமல் ரசம் ஊற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதனால் மறுநாள் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. ஊரில் டீக்கடையில் இதே பேச்சாகத்தான் இருந்தது, ஆளாளுக்குத் தன்னைத் தெரிந்தவர்கள் யார் யார் என்று விரல்விட்டுப் பார்த்தார்கள். பாதிப்பேர் தைரியமாகக் கிளம்பிப் போனார்கள். மீதிப்பேர் இன்னொரு டீ சொன்னார்கள். நான் இன்னொரு டீ சொன்னவர்களோடு இருந்தேன். கைக்குட்டை எறிவதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

தொண்ணூறாவது நாள் காலைப் பத்திரிகையில் ஐந்தாம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. இருபத்தைந்தாவது வருடத்தில் அடியெடுத்து வைக்கும் ஊழியருக்கு அலுவலகத்தில் பாராட்டு. செய்தி ஆசிரியர் பாலகுருசாமி பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். பொன்னாடை பெரியது, கைக்குட்டை சிறியது, அதனால் ஒரு மூலையில் நீலக் கரை மட்டும் எட்டிப் பார்த்தது. கீழே 'எஸ். கோமதிநாயகம்' என்று அச்சாகியிருந்தது. என் சரியான தலைப்பெழுத்து அதுதான், இருபத்துநான்கு வருடமாக அவர்கள் அதை 'ஏ' என்றே தப்பாகப் போட்டுவந்தார்கள்.

செண்பகம் படத்தை நெடுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் வந்திருக்கு" என்றாள். பிறகு, "உங்களுக்கு ஒரு பொன்னாடை போடணும்னு நானும் இத்தனை வருஷம் நெனச்சிருக்கேங்க. அதப் பாக்க நீங்க அங்க இருந்திருக்கலாம்" என்றாள்.

அவள் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். சட்டையை மாட்டினேன்.

அன்று மூன்றாவது ஜன்னலில் கைக்குட்டை தானாகவே போய் உட்கார்ந்துகொண்டது. இவ்வளவு நாளில் எறிவதற்குக்கூட நான் தேவைப்படாமல் போயிருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் நித்திலாவும் செண்பகமும் உட்கார்ந்திருக்க, நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

"ஐயப்பராஜு, இது என் இடம்தான. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன்.

"எப்படிண்ணாச்சி சொல்ல? நீங்க உக்காந்தா அடுத்த நிமிசம் வாயத் தொறந்து தூங்கிருவீங்க. தூங்குற ஆளத்தான் எனக்குத் தெரியும். முழிச்சு நிக்கிற இந்த ஆள நான் பாத்ததில்லையே" என்றார் அவர், மனம் வருந்தித்தான்.

"நாங்க சொல்றோம்" என்றாள் நித்திலா.

"பாப்பா, வீட்டுக்காரங்க சாட்சி பஸ்ல செல்லாது. எல்லாரும் தன் ஆளுன்னுதான் சொல்லுவாங்க."

இருபத்தாறு கிலோமீட்டரும் நின்றேன். கைக்குட்டை ஜன்னலோரம் சாய்ந்து தூங்கியது.

அலுவலகத்தில் என் மேஜைக்குப் போனேன். நாற்காலியில் பொன்னாடையும் அதன் மேல் கைக்குட்டையும். எதிர் மேஜையில் இரண்டு மாதத்துக்கு முன் சேர்ந்த ஷெரின் என்ற பெண் நிமிர்ந்து, "வரி விளம்பரம் கொடுக்கணும்னா கீழ்த்தளம் சார்" என்றாள்.

"நான் கோமதிநாயகம்மா."

"அவர் வேலையா இருக்காரே சார்" என்று கைக்குட்டையைக் காட்டினாள்.

பாலகுருசாமியிடம் போனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். இருபது வருடம் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு யோசனை தோன்றி, "ஒரு நிமிஷம் திரும்பி நில்லுங்க" என்றார். திரும்பினேன். "பாத்த மாதிரி இருக்கு" என்றார். கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஆனா உறுதியாச் சொல்ல முடியல. எல்லா முதுகும் ஒண்ணுபோலத்தான இருக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க, அங்க ஆள் இருக்கு" என்றார். காவலாளியையும் காபி கொண்டுவருகிற அம்மாவையும் கேட்டுப் பார்த்தேன். காபி அம்மா மட்டும், "சர்க்கர கம்மியா?" என்றார். ஆமாம் என்று பாய்ந்தேன். "இங்க எல்லாருக்குமே சர்க்கர கம்மிதான்" என்று போய்விட்டார்.

பத்து மணியிலிருந்து நாலு மணிவரை என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். கைக்குட்டை வேலை பார்ப்பதை அன்றுதான் பார்த்தேன். ஊர்ப்பெயர்களை இரண்டு முறை சரிபார்த்தது. சந்தேகம் வந்தால் மின்வாரியத்துக்குப் போன் போட்டுக் கேட்டது. இருபத்துநான்கு வருடத்தில் அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது, அதோடு கால் வலியும் வந்தது. நாலரைக்குப் போய்விடலாம், வீட்டில் கேட்டால் ஆபீஸில் எல்லாரும் நன்றாகப் பேசினார்கள் என்று சொல்லலாம், நித்திலாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லவேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

நாலு மணிக்கு ஷெரினின் மேஜையில் தொலைபேசி அடித்தது. அவள் தட்டிக்கொண்டே ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"ஏம்மா, கரெண்ட் கட்டு போடுற ஆள் எங்க?" என்றது ஒரு கிழக்குரல். அது வடக்குக் கருவேலங்குளம் ஆவுடையப்பன், ஓய்வுபெற்ற மின்வாரிய லைன்மேன். மின்தடைப் பட்டியலில் வடக்கையும் தெற்கையும் மாற்றிப் போட்டதற்கு வாரத்துக்கு மூன்று முறையாவது என்னைத் திட்டுவதற்காகவே போன் போடுகிறவர்.

"என்ன சார் தப்பு?" என்றாள் ஷெரின்.

"தப்பே இல்லம்மா. அதான் கேக்கேன். மூணு மாசமா ஒரு தப்பு இல்ல. வடக்குன்னா வடக்கு, தெக்குன்னா தெக்கு. காலைல பேப்பர விரிச்சா ஒண்ணுமில்ல, மடிச்சு வச்சிட்டு என்ன செய்யன்னு தெரியாம உக்காந்திருக்கேன். அந்த மனுசன் நல்லாருக்காரா? மேலுக்கு முடியலையா? செத்துகித்துப் போயிட்டாரா? மறைக்காமச் சொல்லும்மா."

ஷெரின் கைக்குட்டையைப் பார்த்தாள். அது தப்பு செய்ததில்லை, எனவே மன்னிப்பும் கேட்டதில்லை. நான் யோசிக்கவில்லை, யோசிக்கும் பழக்கம் கிடையாது. இருபத்துநான்கு வருடம் சொன்ன வாக்கியம் தானாக வந்தது:

"வருந்துகிறோம் ஐயா. நாளைக்குத் திருத்தம் வந்துரும்."



"இந்தா இருக்கான்!" என்று கத்தினார் ஆவுடையப்பன். "இவன்தாம்மா! நாளைக்கு வரும் நாளைக்கு வரும்னு ஒருநாளும் திருத்தம் போடாத பய இவன்தான்! ஏலே, எங்கல போன இத்தன நாளு? உன்னையத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்!"

அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாலகுருசாமி எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலியில் கைக்குட்டை மெல்ல நிமிர்ந்தது, தன்னைத்தானே நாலாக மடித்துக்கொண்டது, கைப்பிடி வழியாக இறங்கி வந்து என் சட்டைப்பைக்குள் ஏறிக்கொண்டது. பொன்னாடை அங்கேயே கிடந்தது. அதன் மேலேயே உட்கார்ந்தேன். நின்று நின்று கால் விட்டுப்போயிருந்ததால் அதை எடுத்துவைக்கும் பொறுமை இல்லை.

"சார், நீங்கதானா அது?" என்றாள் ஷெரின்.

"நான்தாம்மா" என்றேன்.

மாலை பஸ்ஸில் நல்ல கூட்டம். அன்றைக்குத் துணிகளைவிட ஆட்கள் அதிகம், இரண்டு பேர் என் காலை மிதித்தார்கள். மூன்றாவது ஜன்னலோரம் நித்திலா பக்கத்து இருக்கையில் கையை விரித்து வைத்துக்கொண்டு, "ஆள் வருது, எங்கப்பா வராங்க" என்று ஏறுகிறவர்கள் எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என் சட்டைப்பையிலிருந்து நீலக் கரை தெரிவதைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

"யாருப்பா சொன்னாங்க?"

"ஒரு வாசகர்."

"உங்களுக்கு வாசகர்லாம் இருக்காங்களா?" என்றாள், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. அந்த மூன்று மாதத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் ஆச்சரியப்பட்டது அதுதான் முதல் முறை. முன் இருக்கையிலிருந்து செண்பகம் திரும்பி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, வாயைத் திறந்து தூங்குவதற்கு வசதியாகத் தன் தோள்பையை எடுத்து என் தலைக்குக் கொடுத்தாள்.

அன்று கிளம்புமுன் மறுநாளைய மின்தடைப் பட்டியலை நானேதான் தட்டியிருந்தேன். கவனமாகத்தான் தட்டினேன். சந்தேகம் வந்த இடத்தில் மின்வாரியத்துக்குப் போன் போட நினைத்தேன், பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மறுநாள் காலை பத்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. ஷெரின் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும்மா, எனக்குத்தான்" என்று எடுத்தேன்.